எட்டாம் நம்பர் குழி

வேலுத்தாயின் வாயை மூடக் காளிராஜால் ஆகவில்லை. மம்சாபுரத்தில் குழாயடி, ரேஷன் கடை வரிசை, மாவு மில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கான்சாபுரத்தில் வாக்கப்பட்டிருக்கும் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறிப் போய் அங்கேயும் சொல்லிவிட்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக ராஜஸ்தான்ல தங்கத்தக் கண்டுபிடிச்சுட்டாக. நான் குடுத்துவிட்ட தாலிக் குண்டத்தான் குழிக்குள்ள போட்டிருக்காக. பூமி சும்மா இருக்குமா? திருப்பிக் குடுத்துட்டுல்ல."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் சொல்வதில் கடுகளவும் பொய் கிடையாது. காளிராஜின் இக்கட்டே அதுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் கூமாப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிற கூட்டத்தில் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தவன் அவன். பிறகு ராஜபாளையத்து முதலாளி ஒருவரின் போர்வெல் லாரியில் கொஞ்ச காலம். பட்டாளத்தில் இருந்த பங்காளி ஒருவன் சொல்லி, வடக்கே கனிமம் தேடும் கம்பெனி ஒன்றில் டிரில்லராகச் சேர்ந்தான். பூமிக்குள் குழாயை இறக்கி, பாறையை உருளை உருளையாக அறுத்து மேலே எடுத்து, அடி வாரியாகப் பெட்டியில் அடுக்கித் தர வேண்டும். அதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது ஜியாலஜிஸ்டின் பாடு.

அவர்களுடைய ஜியாலஜிஸ்ட் ஞானதுரை நாசரேத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது. பாலைவனத்தின் ஓரத்தில், மணல்கூட இல்லாமல் கூழாங்கல்லும் சரளையுமாகப் பரந்து கிடந்த ஒரு பொட்டலைக் காட்டி, இதற்கு அடியில் செம்பும் தங்கமும் இருக்கிறது என்று ஆறு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு தடயமும் கிடையாது. இருநூறு அடிச் சரளைக்குக் கீழேதான் பாறையே வரும். நிலத்தடிப் பாறையை அளக்கும் காந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் அவர் நடந்த நடைக்குக் கணக்கில்லை. தலைமை ஆபீசில் அவரைச் 'சரளைச் சாமியார்' என்று கேலி பேசினார்கள். ஏழு குழி போட்டார்கள். ஏழிலும் வெறுங்கல். கடைசியாக ஒன்று போட்டுக்கொள், அதோடு கேம்ப்பைக் கலை என்று உத்தரவு வந்தது. அந்தக் கடைசிதான் எட்டாம் நம்பர்.

சித்திரையில் லீவுக்கு வந்திருந்த காளிராஜ் இதை வீட்டில் சொல்லி அங்கலாய்த்தான். வேலுத்தாய் தாலிக்கொடியில் இருந்த நாலு தங்கக் குண்டில் ஒன்றைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அவர்கள் பக்கத்தில் கிணறு வெட்டும்போது மண் முடிந்து பாறை தட்டியதும், கிணற்றுக்காரரின் வீட்டுப் பெண் பொட்டுத் தங்கத்தை அந்தக் கல்லில் போடுவாள். அது நடக்காமல் பாறையில் வெடி வைக்க ஒரு ஆள் இறங்க மாட்டான். ஊருக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். இங்கே அது மரியாதை.

எட்டாம் நம்பரில் சரளையைத் தாண்டவே பத்தொன்பது நாள் ஆயிற்று. துளைக்கத் துளைக்கச் சரிந்தது. இரும்புக் குழாயைச் சுற்றுச்சுவராக இறக்கி, ஒருவழியாக இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் பாறை தட்டியபோது, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, காளிராஜ் சட்டைப் பையில் இருந்த குண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் குழிக்குள் போட்டான். மனசு லேசானது. அரைமணி நேரத்தில் மெஷினை ஓட்டினான்.

நானூற்றுப் பத்தாவது அடியோடு அனுமதித்த ஆழம் முடிந்தது. கேம்ப்பைக் கலைத்தார்கள். இருபத்திரண்டு பேரும் சம்பளமில்லா லீவில் அவரவர் ஊருக்குப் போனார்கள். பரிசோதனை முடிவு வந்தால் பார்க்கலாம் என்றார் ஞானதுரை. யாருக்கும் நம்பிக்கை இல்லை.

ஆவணியில் கடிதம் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் அது. நல்ல சேதியென்றால் தந்தி அடிப்பதுதான் வழக்கம், ஆனால் ஞானதுரைக்கு நாலு வரியில் அடங்கவில்லை போலிருக்கிறது. ரெண்டு பக்கம் எழுதியிருந்தார். 'காளி, தங்கம் வந்துவிட்டது. டன்னுக்கு இருபத்தொரு கிராம். நம்பாமல் ரெண்டு தடவை சோதித்தார்கள். ரெண்டு தடவையும் அதே. திங்கட்கிழமை தலைமை ஆபீசில் கூட்டம். பன்னிரண்டு குழிக்கும் ரெண்டு மெஷினுக்கும் அனுமதி கேட்கப் போகிறேன். நீதான் ஃபோர்மேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஊரிலிருந்து உன் வீட்டுக்கு வருகிறேன், சாயங்கால ரயிலில் சேர்ந்தே போய்விடலாம்.'

வேலுத்தாய் அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். காளிராஜ் அடுத்த வரியையும் படித்தான். 'இருநூற்றுப் பன்னிரண்டு முதல் இருநூற்றுப் பதினைந்து அடி வரை வந்த சேற்றில்.'

அந்த வரியையே மறுபடி படித்தான்.

கிணற்றில் போட்ட தங்கம் கிணற்றிலேயே ஒரு மூலையில் கிடக்கும். டிரில்லிங் குழி அப்படியா? மூன்று அங்குல அகலம்தான். போட்ட பொருளின் தலைமேலேயே வைரப் பல் வைத்த பிட் போய் உட்காரும், அரைக்கும், உள்ளே விடுகிற தண்ணீர் அந்தப் பொடியைச் சேறாக மேலே கொண்டுவந்து தொட்டியில் சேர்க்கும். பாறையின் மேல்தட்டு அங்கே பொலபொலவென்று இருந்ததால் உருளை சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் சேற்றையே காயவைத்து, துணிப்பையில் கட்டி, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பையில் நம்பர் எழுதியவனே காளிராஜ்தான். இத்தனை வருஷ டிரில்லருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் குண்டைக் கையில் பிடித்த நேரத்தில் அவன் டிரில்லராக இல்லை, கூமாப்பட்டிக் கிணற்றுக்காரனாக நின்றான். தொழிலை மறந்து கும்பிட்டுவிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது ஆளுக்கு நிலையில்லாமை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். விடிந்ததும் ராஜபாளையம் போய், பழைய போர்வெல் லாரி ஷெட்டு வாசலில் நின்றுவிட்டு உள்ளே போகாமல் திரும்பினான். மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் தந்திப் படிவம் ஒன்று வாங்கினான். 'தங்கம் என்னுடையது' என்று எழுதிப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மறுநாளும் அதே பஸ், அதே படிவம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே அவன் அலைந்த அலைச்சலைப் பார்த்து கண்டக்டர், "என்னண்ணே, பொண்ணு பாக்கியளா யாருக்கும்?" என்று கேட்டான்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கேம்ப் முடிந்தது. இருபத்திரண்டு குடும்பத்து அடுப்பில் மண். அவனும் திரும்ப வெடி வைக்கப் போக வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே ஞானதுரை. ஆறு வருஷம் கேலி பட்ட மனுசன் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறார், அவரை எந்த வாயால் குனியச் சொல்வது? சொல்லாவிட்டால் அதைவிடக் கேடு. பன்னிரண்டு குழியிலும் ஒன்றும் வராது. அப்போது சேற்றில் தங்கம் எப்படி வந்தது என்று கிளறுவார்கள். கனிமத் தொழிலில் தங்கத்தூளைக் கலந்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் ஞானதுரையின் பெயர் சேரும்.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. அவர் வந்தால் வேலுத்தாய் குண்டுப் பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டாள். எடுக்கட்டும். குழி நம்பரை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.

"ஏட்டி, சார் வந்தா ஏழாவது குழியில போட்டேன்னு சொல்லு."

"எட்டாவதுன்னுல்ல சொன்னிய?"

"ஏழுதான். நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"சரி, ஏழு," என்றாள் வேலுத்தாய். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஞானதுரை வந்து இறங்கினார். கையில் ஒரு தோல்பை, முகத்தில் பத்து வயது குறைந்த களை. காளிராஜின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த உடனேயே ரிப்போர்ட் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மெஷின் எங்கிருந்து வரும், எந்தக் குழியை முதலில் போடுவது, தண்ணீர் லாரிக்கு யாரைப் பிடிப்பது. தலைமை ஆபீசில் கேலி செய்தவர்களில் ஒருவன் கை கொடுத்தானாம்.

"இனிமே எவனும் சரளைச் சாமியாருன்னு சொல்ல மாட்டான், காளி," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் பிசிறியது.

வேலுத்தாய் இலையில் இட்லியை வைத்தாள். வைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"சார், ஒரு விசயம். நாந்தான் எந் தாலிக் குண்ட இவுககிட்டக் குடுத்துவிட்டேன், குழியில போடச் சொல்லி. எங்க பக்கம் கிணறு வெட்டுனா அப்படித்தான் போடுவோம்."

ஞானதுரை இட்லியைப் பிட்ட கையை அப்படியே நிறுத்தினார். "எந்தக் குழியிலம்மா?"

"ஏழாவது குழியில சார்," என்றாள் அவள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையாக.

ஞானதுரை வாய்விட்டுச் சிரித்தார். "ஏழாவதுல ஒண்ணுமே வரலயேம்மா. ஒங்க சாமி ஒரு குழி தள்ளிக் குடுத்துருச்சு போல." சிரித்துக்கொண்டே சட்னியைத் தொட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. காளிராஜ் தப்பித்துவிட்டான்.

தப்பித்தவனுக்கு ஏன் அப்படி இருந்தது என்று அவனால் பின்னாலும் விளக்க முடியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வேலுத்தாய் அவனுக்காக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. தாலியில் இருந்து கழற்றிக் கொடுத்தவள். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் அவன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு, சாருக்கு இன்னொரு இட்லி வைக்கிறாள். அவனுக்கு அவமானத்தில் காது ரெண்டும் கொதித்தது.

"எட்டாவது சார்," என்றான்.

"என்னது?"

"எட்டாவது குழி. எரநூத்திப் பன்னெண்டாவது அடியில. கல்லு தட்டுனதும் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், ஏழுன்னு சொல்லச் சொன்னது நாந்தான்."

ஞானதுரை பாதி இட்லியோடு இலையை மடித்தார். பிறகு எழுந்து கை கழுவினார். வேலுத்தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

"மிச்ச குண்டு இருக்காம்மா?" என்று கேட்டார் ஞானதுரை. அவருக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. "ஒரே அளவுதான? ஒண்ண மட்டும் செத்த நேரம் குடுங்க. எடை பாத்துட்டு குடுத்துருதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிச்சாண்டி ஆசாரியின் நகைப் பட்டறை கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஆசாரி குண்டை வாங்கிப் பார்த்ததும், "இது நான் செஞ்சதுல்லா," என்றார். சின்னத் தராசின் தட்டில் வைத்தார். இருநூற்று அறுபது மில்லிகிராம். தங்கத்தில் எவ்வளவு செம்பு சேர்த்திருப்பீர்கள் என்று ஞானதுரை கேட்க, ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நூத்துக்கு எட்டுக்கு மேல நான் சேக்கறதில்ல. எவன் என்ன சொன்னான்?"

ஞானதுரை ஃபைலின் பின்னட்டையில் கணக்குப் போட்டார். காய்ந்த சேறு மொத்தம் ஒன்பது கிலோ. குண்டில் சுத்தத் தங்கம் இவ்வளவு. அத்தனையும் சேற்றில் கலந்திருந்தால் டன்னுக்கு இருபத்தாறு கிராம் காட்ட வேண்டும். வந்தது இருபத்தொன்று. மிச்சம் குழிக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். காளிராஜுக்குக் கணக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் அவர் என்ன தேடுகிறார் என்று புரிந்தது. இருபத்தாறுக்கு மேலே ஒரு கிராம் வந்திருந்தால்கூட, அந்த ஒரு கிராம் பூமியுடையது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். அடித்துவிட்டு மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார்.

"எல்லாம் ஒன் வீட்டுத் தங்கந்தான் காளி," என்றார் கடைசியில்.

ஃபைலைப் பிரித்து, தட்டச்சு செய்த பக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தார். ஓரத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதுனிய சார்?"

"சேறு கெட்டுப்போச்சு, கவனக் குறைவு என்னோடதுன்னு எழுதுனேன்."

"எம் பேரப் போடுங்க சார். பண்ணுனது நான்."

"கேம்ப்புக்குப் பொறுப்பு நான். ஒம் பேரப் போட்டா, தாலிக் குண்டு கதைய அங்க எவனுக்கும் வெளக்க முடியாது. திருட்டுத்தனம்னுதான் சொல்லுவான்." அவர் குண்டைக் காகிதத்தில் மடித்து காளிராஜின் கையில் கொடுத்தார். "போன தடவ லீவுல அவங்க எனக்கு ஊறுகாய் குடுத்துவிட்டாங்க. ருசியா இருந்துச்சு. இதச் சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

ரயிலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காளிராஜ் உட்காரவில்லை என்று சொல்வதுதான் சரி, பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை.

"காளி, இங்க வா," என்று ஞானதுரை கூப்பிட்டார். ஃபைலை மடியில் விரித்து வைத்திருந்தார். "இத நீ பாக்கல. முந்நூறாவது அடியில நூறு கிலோ கல்லுக்குக் கால் கிலோ செம்பு. முந்நூத்தி அம்பதுல அதுக்குக் கொஞ்சம் மேல. நானூத்திப் பத்துல அரைக் கிலோ. இது ஒன் குண்டுல உள்ள செம்பு இல்ல. பாறையச் சுத்தமா அறுத்து எடுத்த உருளையில வந்தது."

"கீழ போகப் போகக் கூடுது."

"ஆமா. கூடிக்கிட்டு வாரப்பதான் நிறுத்துனோம். இன்னும் எரநூறு அடி போயிருந்தா..." அவர் அதை முடிக்கவில்லை.

"அதச் சொல்லிக் கேளுங்க சார், திங்கக்கெழம."

"அரைக் கிலோ செம்புக்கு எவன் பணம் குடுப்பான்? அதும் தங்கம்னு ஒரு தடவ பொய்யாச் சொன்னவனுக்கு." ஞானதுரை ஃபைலை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காளிராஜ் நிம்மதியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். "நீ சொல்லாம இருந்திருந்தா, தங்கத்தத் தேடிக்கிட்டு அதே எடத்துல ஆழமாப் போயிருப்போம். தங்கம் கெடச்சிருக்காது. செம்பு கெடச்சிருக்கும்னுதான் எனக்குப் படுது. நல்லாவே கெடச்சிருக்கும்."

"அப்ப நான் சொன்னது தப்பா சார்?"

"எனக்குத் தெரியல," என்றார் அவர். "இன்னைக்கி அத எங்கிட்ட கேக்காத."

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், வண்டி நகர்கிறவரை தோல்பையின் வாரைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தார். கிளம்பும்போது கையை மட்டும் லேசாகத் தூக்கினார். பதிலுக்குக் கும்பிடக்கூடக் காளிராஜுக்குக் கை வரவில்லை.

மம்சாபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் ஏறாமல் நடந்தே போனான். சரளை போட்ட புது ரோட்டில் ஒவ்வொரு அடிக்கும் கல் செருப்பை உறுத்தியது. இருநூறு அடி. ஒரு மாத வேலை. அந்த இருநூறு அடியை இனி யார் போடப் போகிறார்கள்? இருபது வருஷம் கழித்து எவனாவது போடலாம், போடாமலும் போகலாம். அந்தக் குழியின் வாயைச் சிமெண்ட் வைத்து மூடியதும் அவன் கைதான்.

வீட்டில் வேலுத்தாய் அவனுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, பயணத்துக்குப் புளிச்சோறு கட்டி, தயாராக நின்றாள்.

"சார் எங்க? ரயிலு போயிருக்குமே. நீங்க போகலயா?"

"வேலை இல்லட்டி. கேம்ப்ப மூடியாச்சு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. காலையில் இருந்து அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். கழுத்துக் கொடியை விரலால் நெருடிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"நான் குடுத்தனால கெட்டுப்போச்சாங்க? அது இல்லாட்டி கெடச்சிருக்குமா?"

காளிராஜ் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். காலையில் ஒரு பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் இவ்வளவும் ஆயிற்று. இப்போது அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னான், தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது.

"ஒனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கீழ ஒண்ணுமே கெடையாது. வெறுங் கல்லு."

வேலுத்தாய் பெருமூச்சு விட்டாள். "அப்படின்னா சரி. இல்லாத எடத்துல போயி எம்புட்டு நாளு தோண்டுவிய," என்று சொல்லிவிட்டு, கட்டி வைத்த புளிச்சோற்றைப் பிரித்து அவனுக்கு வைத்தாள்.